480 தோட்டத் தொழிலாளரும் ஈறுநோயின் வரலாறும்

நம் புலவர்கள் பல்லை முத்தென்றும் முல்லை அரும்பென்றும் பாடிச் சலித்ததில்லை. அம்முத்துகளைப் பதித்து வைத்திருக்கும் ஈறுகளைப் பற்றிப் பேசியவர் அரியர். இலக்கணம் கற்றவர்க்கு 'ஈறு' என்றதும் வேறொரு பொருளே முதலில் நினைவுக்கு வரும். சொல்லின் கடைசி எழுத்து ஈறு. எதன் முடிவும் ஈறு. வாயிலுள்ள ஈறும் நம்மில் பலருக்கு முடிவுக் காலத்தில்தான் நினைவுக்கு வருகிறது. பல் ஆடத் தொடங்கிய பிறகு கண்ணாடியில் பார்க்கிறோம். 'வயதாகிவிட்டது, விழத்தானே செய்யும்' என்று நம்மை நாமே தேற்றிக் கொள்கிறோம்.

அந்தத் தேறுதல் பொய் என்பது உறுதியாகி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. முதுமை பல்லைப் பிடுங்குவதில்லை, ஈறுநோய்தான் பிடுங்குகிறது. அந்நோயோ பெரும்பாலும் தடுக்கக் கூடியது. இவ்வுண்மை எவ்வாறு அறியப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முக்கியமானதோர் அத்தியாயம் இலங்கையின் மலையகத்தில், கொழுந்து விளையும் தோட்டங்களில், தமிழ்த் தொழிலாளரின் வாய்களில் எழுதப்பட்டது. உலகெங்கும் பல் மருத்துவ மாணவர் இதனைப் பாடமாகப் படிக்கின்றனர். தமிழ் வாசகராகிய நாம்தான் பெரும்பாலும் அறியாதிருக்கிறோம்.

நோயின் இயல்பு

முதலில் நோயைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். துலக்கிய பல்லின்மேல் சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாகப் படியத் தொடங்குகின்றன. நாவால் தடவினால் வழவழப்பாகத் தெரியும் அப்படலம் நீக்கப்படாவிட்டால் தடிக்கிறது. உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்து அதில் இறங்கி அதைக் கெட்டியாக்குகிறது. இதைத்தான் 'காரை' என்கிறோம். சுவருக்குப் பூசும் சுண்ணக்காரையின் பெயரையே பல்லுக்கும் வைத்த நம் முன்னோரின் கண் கூரியது.

படலம் ஈறின் விளிம்பில் தங்கும்போது ஈறு சிவந்து வீங்குகிறது. தொட்டால் குருதி கசிகிறது. இது முதல் நிலை. இந்நிலையில் முற்றிலும் மீள முடியும். சிலரிடம் வீக்கம் உள்ளே இறங்கி, பல்லை எலும்போடு பிணைக்கும் நார்களையும், பின்னர் எலும்பையுமே கரைக்கிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போன்ற பள்ளம் உண்டாகிறது. இது இரண்டாம் நிலை. இழந்த எலும்பு தானாகத் திரும்பி வருவதில்லை.

இந்நோயின் கொடுமை, அது பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதே. சொத்தைப் பல் இரவெல்லாம் தூங்க விடாது. ஈறுநோயோ இருபது ஆண்டுகள் ஓசையின்றி வேலை செய்துவிட்டு, ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது தன்னை அறிவிக்கிறது. இத்தனை மெதுவாக நடப்பதை மனிதர்கள் முதுமை என்று எண்ணியதில் வியப்பில்லை.

பழையோர் கண்டவை

காரைக்கும் ஈறின் கேட்டுக்கும் உறவு உண்டென்பதைப் பழைய மருத்துவர் சிலர் கண்டிருந்தனர். கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டி ஸ்பெயினின் கோர்தோபாவில் வாழ்ந்த அரபு அறுவை மருத்துவர் அஸ்-ஸஹ்ராவி, தம் பெருநூலில் காரையைச் சுரண்டி எடுக்கும் முறையை விவரித்ததோடு, அதற்கான கருவிகளை வரைந்தும் காட்டினார். பல்லின் உட்புறம், வெளிப்புறம், இடுக்கு என ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிக் கருவி. இன்றைய மருத்துவரின் தட்டிலும் இதே ஏற்பாட்டைக் காணலாம்.

ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்த அந்தோனி வான் லேவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையால் 1683இல் தம் பல்லிடுக்கின் வெண்பொருளைப் பார்த்தார். அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். நாள்தோறும் உப்பால் பல் தேய்ப்பவர் அவர். அவர் வாயிலேயே இத்தனை! காடியால் வாய் கொப்பளித்தும் பார்த்தார். படலத்தின் மேற்புறத்து உயிர்கள் மட்டுமே மடிந்தன. உள்ளே இருந்தவை பிழைத்தன. கொப்பளிப்பதால் மட்டும் பல் தூய்மையாகாது, தேய்த்தே எடுக்க வேண்டும் என்பதற்கு 340 ஆண்டுகளுக்கு முந்தைய சான்று இது. ஆயினும் இவ்வுயிர்கள்தாம் நோய்க்குக் காரணம் என்று அவர் நினைக்கவில்லை.

ஈறில் குருதி வரும் எல்லா நோயும் இதுவன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கடலோடிகளை வாட்டிய ஸ்கர்வி நோயிலும் ஈறு வீங்கிப் பல் உதிரும். அது வைட்டமின் 'சி' இல்லாமையால் வருவது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்ததில், ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவர் விரைவில் தேறினர். ஒப்பிட்டுச் சோதித்தறியும் மருத்துவ முறைக்கு இது முன்னோடி. 12 என்ற இந்த எண் மீண்டும் வரவிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரைச் சேர்ந்த ஜான் ரிக்ஸ் என்ற பல் மருத்துவர், ஈறுநோய்க்குக் காரணம் பல்லின்மேல் படியும் அழுக்கே என்று வாதிட்டார். நோயுற்ற ஈறை வெட்டி எறியும் அக்கால வழக்கத்தை எதிர்த்தார். வேர் வரை சுரண்டித் தூய்மை செய்தால் ஈறு தானே தேறும் என்றார். பல காலம் இந்நோய்க்கு 'ரிக்ஸ் நோய்' என்றே பெயர் வழங்கிற்று. அவர் சொன்னது சரி. ஆனால் மெய்ப்பிக்க அவரிடம் வழியில்லை.

மெய்ப்பிக்கப்படாத இடத்தில் அச்சம் புகுந்துகொள்ளும். 1910இல் பிரித்தானிய மருத்துவர் வில்லியம் ஹண்டர், கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், வாயின் சீழே உடலின் பல நோய்களுக்கு மூலம் என்றார். அதன் பிறகு மூட்டு வலிக்கும் சோகைக்கும் பல்லைப் பிடுங்கும் வழக்கம் பரவிற்று. நியூ ஜெர்சியின் டிரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்பவர் மனநோயாளரின் பற்களையெல்லாம் பிடுங்கினார். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அங்கே பல் போயிற்று, நோய் போகவில்லை.

ஆர்ஹூஸ் நகரின் 12 பேர்

விடை கிடைத்தது டென்மார்க்கில். ஆர்ஹூஸ் நகரின் பல் மருத்துவக் கல்லூரியில் நார்வே நாட்டவரான ஹரால்ட் லோ தம் கூட்டாளிகளுடன் செய்த ஆய்வு 1965இல் வெளிவந்தது. அதன் எளிமை வியக்கத்தக்கது. ஈறு நலமாயிருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்திக்கொண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். நடந்ததை ஆய்வாளர் குறித்து வந்தனர்.

10 நாளில் சிலருக்கும், 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கிற்று. படலத்திலுள்ள நுண்ணுயிர்களும் நாளுக்கு நாள் மாறின. முதலில் உருண்டை வடிவினவே மிகுந்திருந்தன. பிறகு நூல் போன்றவை. கடைசியில் திருகு போல் சுழல்பவை. பிறகு அவர்கள் மீண்டும் துலக்கத் தொடங்கினர். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழையபடி நலமாயின.

துலக்காதபோது நோய் வந்தது, துலக்கியதும் போயிற்று. உணவு மாறவில்லை, வயது மாறவில்லை. ரிக்ஸ் வாதித்ததை ஆறே வாரங்களுக்குள் அடங்கும் ஒரு சோதனை நிலைநாட்டிவிட்டது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சிற்று. மாணவர்களை மூன்று வாரம் துலக்காதிருக்கச் சொல்லலாம். முப்பது ஆண்டுகள் இருக்கச் சொல்ல முடியுமா? ஈறு வீக்கம் எல்லோருக்கும் எலும்புக் கரைவாக முற்றுமா? எத்தனை ஆண்டில், எந்த வேகத்தில்? இதை அறிய, ஒருபோதும் பல் மருத்துவம் அணுகாத மனிதர்கள் வேண்டியிருந்தனர்.

மலையகத்தின் 480 பேர்

1969இல் லோவும் அவர் கூட்டாளிகளும் ஓஸ்லோ நகரில் 565 ஆண்களைத் தேர்ந்தெடுத்தனர். மாணவரும் கல்வியாளருமான அவர்கள் சிறுவயது முதலே ஒழுங்கான பல் மருத்துவம் பெற்றவர்கள். மறுதட்டுக்கு 1970இல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ் ஆண் தொழிலாளரைத் தேர்ந்தனர். நோயைத் தடுக்கவோ தீர்க்கவோ எந்தப் பல் மருத்துவ ஏற்பாடும் இவர்களை எட்டியதில்லை. தூரிகையால் பல் துலக்கும் வழக்கமும் இல்லை. உழைப்பால் உரமேறிய உடல். சொத்தையோ அநேகமாக இல்லை. ஆகவே பல் விழுந்தால் அதற்கு ஈறுநோயே காரணம் என்று துணியலாம். ஆய்வாளரின் கண்ணுக்கு இதைவிடத் தெளிவான களம் வேறில்லை.

1970, 1971, 1973, 1977, 1982, 1985 என ஆறு முறை அவர்கள் வாய்களை அளந்தனர். அளவுக் கோடிட்ட மழுங்கிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே இறக்கி, பல்லின் பிடிமானம் எத்தனை மில்லிமீட்டர் கீழிறங்கியுள்ளது என்று குறித்தனர். 40 வயதை நெருங்கும்போது ஓஸ்லோ ஆண்கள் இழந்திருந்த பிடிமானம் சராசரியாக 1.5 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிற்று. தோட்டத் தொழிலாளர் இழந்தது 4.5 மில்லிமீட்டர். ஒரே வயது, மும்மடங்கு இழப்பு. முதுமைதான் காரணமென்றால் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

1986இல் வெளிவந்த முடிவு அதைவிட வியப்பானது. தொழிலாளர் எல்லோர் பல்லிலும் காரை. எல்லோர் ஈறிலும் வீக்கம். ஆனால் அழிவு எல்லோர்க்கும் ஒன்றாயில்லை. 8 விழுக்காட்டினர்க்கு நோய் காட்டுத்தீயாகப் பரவி, 45 வயதில் 13 மில்லிமீட்டர் வரை பிடிமானத்தைத் தின்றிருந்தது. 81 விழுக்காட்டினர்க்கு நடுத்தர வேகம். எஞ்சிய 11 விழுக்காட்டினர்க்கோ, அதே அழுக்கு, அதே வீக்கம் இருந்தும் எலும்பு அநேகமாகக் கரையவேயில்லை.

ஈறுநோயைப் பற்றிய இன்றைய புரிதலின் அடித்தளம் இதுவே. படலம் நோயைத் தொடங்கி வைக்கிறது. அது எவ்வளவு தூரம் போகும் என்பதை அவரவர் உடலின் எதிர்வினை முடிவு செய்கிறது. நுண்ணுயிர்களை விரட்ட வரும் நம் காவல் அணுக்கள் விடும் சுரப்புகளே எலும்பையும் கரைக்கின்றன. வைக்கோற்போரில் புகுந்த எலியைக் கொல்லப் போரையே கொளுத்துவது போன்றது இது.

2010இல் வேறொரு குழுவினர் அதே தொழிலாளரைத் தேடிச் சென்றனர். 480 பேருள் 75 பேரைக் கண்டு சோதித்தனர். 40 ஆண்டுகளில் அவர்கள் இழந்த பற்கள் சராசரியாக 13. ஒரு பல்லும் இழக்காதவரும் இருந்தனர். 28 பல்லையும் இழந்தவரும் இருந்தனர். 2017இல் வெளியான இம்முடிவோடு அந்நெடிய கணக்கு நிறைவுற்றது.

அளந்தவரும் அளக்கப்பட்டவரும்

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். அத்தொழிலாளர் எத்தகைய காலத்தில் வாய் திறந்து காட்டினர்?

அவர்களுடைய சமூகத்தில் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டவர்கள். எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974 வரை தீராதிருந்தது. ஆய்வு நடந்த அதே ஆண்டுகளில்தான் பெருந்தொகையான குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கின. 1970களின் நடுவில் தோட்டங்களைப் பஞ்சம் வாட்டிற்று, தோட்டங்கள் அரசுடைமையாயின, 1983இல் கலவரம் மூண்டது. 1985இன் சோதனைக்கு வந்தவருள் முதல் முறை இருந்தவர்கள் 161 பேர்.

ஓர் ஒப்பீடு நம்மை உறுத்துகிறது. இதே காலத்தில் ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் ஆக்செல்சன், லிந்தே என்னும் இருவர் மற்றோர் ஆய்வைத் தொடங்கினர். 375 பேர்க்கு முறையாகத் தூய்மை செய்து, துலக்கும் முறையும் கற்பித்தனர். 180 பேரை வழக்கமான மருத்துவத்தோடு விட்டு ஒப்பிட்டனர். 6 ஆண்டுகளில் வேறுபாடு தெளிவாயிற்று. ஒப்பீட்டுக் குழு அத்துடன் கலைக்கப்பட்டது. தூய்மை செய்யப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். 30 ஆண்டுகளில் அவர்கள் இழந்தது, வயதுப் பிரிவுக்கேற்ப, சராசரியாக 0.4 முதல் 1.8 பல் மட்டுமே. மலையகத்தின் 13 என்ற எண்ணை இதனருகே வைத்துப் பாருங்கள்.

நோயை ஆய்வாளர் உண்டாக்கவில்லை. தோட்டத்தில் பல் மருத்துவம் இல்லாமற் போனதற்கும் அவர்கள் பொறுப்பல்லர். அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் ஒன்றரை நூற்றாண்டாகத் தோட்டங்களை ஆண்டவர்கள். ஆனாலும் 1965இலேயே விடை தெரிந்துவிட்டது. துலக்கினால் ஒரு வாரத்தில் ஈறு தேறும் என்று உலகுக்குச் சொன்னவர்களே, துலக்காத வாய்களைப் பதினைந்து ஆண்டுகள் அளந்தனர். ஆர்ஹூஸின் 12 பேர் தாமே நிறுத்தித் தாமே தொடங்கினர். மலையகத்தின் 480 பேர்க்கு நிறுத்துவதற்கு ஒன்றும் இருந்ததில்லை. 'இயற்கைப் போக்கு' என்று அறிவியல் அழைத்தது வறுமையின் போக்கும்தான். இவ்வாய்வின் பயனை மறுப்பது நன்றி மறத்தலாகும். அதன் விலையைப் பேசாதிருப்பதும் அவ்வாறே.

அவர்கள் தந்த அறிவை நாம் என்ன செய்கிறோம்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, முற்றிய ஈறுநோய் உள்ளவர் உலகில் 100 கோடிக்கும் மேல் என்கிறது. இத்தனைக்கும் தடுக்கும் முறை எளியது.

நாள்தோறும் இருமுறை, மென்மையான தூரிகையை ஈறின் விளிம்பில் சாய்த்துப் பிடித்துத் துலக்க வேண்டும். பல்லிடுக்கில் தூரிகை புகாது. அதற்குரிய சிறுதூரிகையோ நூலோ வேண்டும். ஈறில் குருதி கசிந்தால் பலர் அஞ்சி அவ்விடத்தைத் துலக்காமல் விடுகின்றனர். அது நோயை வளர்க்கவே செய்யும். கசியும் இடமே தூய்மை வேண்டி நிற்கும் இடம். வாரக்கணக்கில் துலக்கியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். செங்கற்பொடியும் கரியும் பல்லைத் தேய்த்தழிப்பவை. புகையிலை கலந்த பற்பொடியை இந்திய அரசு 1992இலேயே தடை செய்துவிட்டது. புகைப்பவர்க்கு நோய் விரைந்து முற்றும். ஆனால் குருதிக் கசிவு குறைந்து காணப்படுவதால் நோய் மறைந்தே இருக்கும். நீரிழிவும் ஈறுநோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர் ஈறையும் காட்டிவர வேண்டும்.

காரை கெட்டிப்பட்டுவிட்டால் எத்தூரிகையாலும் அதை எடுக்க முடியாது. மருத்துவர்தான் எடுக்க வேண்டும். 'சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும்' என்ற அச்சம் நம்மிடையே வேரோடியிருக்கிறது. உண்மை இதுதான்: எலும்பு ஏற்கெனவே கரைந்துவிட்டது, அந்த வெற்றிடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது. காரை போனதும் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. இடிந்த சுவரைச் சாரம் மறைத்திருந்தால், சாரத்தைப் பிரித்தவன்மேல் பழி போடலாமா? ஈறுக்கடியில் வேர் வரை தூய்மை செய்து, சில வாரங்களுக்குப் பின் மறுபடி அளந்து, பள்ளம் குறையாத இடத்தில் மட்டும் அறுவை செய்வது இன்றைய முறை. முற்றிய நோயையும் இவ்வாறு பெரும்பாலும் தடுத்து நிறுத்தலாம். அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துவர வேண்டும்.

ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்கு உறுதி என்று பழமொழியிலேயே பொதிந்து வைத்த மக்கள் நாம். அம்மக்களுள் ஒரு பகுதியினர், தூரிகையும் மருத்துவரும் எட்டாத மலையில், தம் பற்களை இழந்து உலகுக்கு ஒரு பாடத்தை விட்டுச் சென்றனர். பல் மருத்துவப் பாடநூல்களில் அவர்கள் 'இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்' என்ற ஒற்றைத் தொடராக நிற்கின்றனர், பெயர்கள் இல்லை. மலையகத்தின் வரலாற்றை எழுதுவோர் கூலிக்கணக்கையும் குடியுரிமைக் கணக்கையும் எழுதியிருக்கிறார்கள். அக்கணக்குகளோடு மில்லிமீட்டரில் எழுதப்பட்ட இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.